ஏற்காடு ரோடு: வீட்டு மாடியில மாடல் ரயில்வே கட்டி ஓட்டறது எப்படி, முழு வழிகாட்டி

ஏற்காட்டுக்கு ரயில் கிடையாது, 20 கொண்டை ஊசி வளைவுலயும் பஸ்ஸுல தலை சுத்திதான் போகணும், இது சேலத்துல பொறந்த எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் இந்த ஊர்ல மாடல் ரயில் கிறுக்கு புடிச்சவன் எவனா இருந்தாலும் மொத பேப்பர்ல வரையறது அடிவாரத்துலருந்து மலை ஏறற லைன்தான். நானும் வரைஞ்சேன். தெர்மகோல வெட்டி அடுக்கி மலை பண்ணி, அதுமேல டிராக்க சுத்தி சுத்தி ஏத்தி, எட்டு மாசத்து ஞாயித்துக்கெழமை எல்லாம் அதுக்கே போச்சு. கடைசியில இன்ஜின் ரெண்டு பெட்டிய இழுத்துட்டு மொத வளைவுலயே நின்னு, சக்கரம் மட்டும் நின்ன எடத்துலயே சுத்துச்சு. அம்மா எட்டிப் பாத்துட்டு "கொலுவுக்கு வெச்சுக்கலாம்டா, நல்லாத்தான் இருக்கு"ன்னு சொல்லிட்டுப் போனாங்க.

அப்புறம்தான் கணக்கு போட்டேன், மொதல்லயே போட்டிருக்கணும். சேலம் கடல் மட்டத்துலருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1500. 1200 மீட்டருக்கு மேல ஏறணும், 87ல ஒரு பங்கா சுருக்கினாலும் 14 மீட்டர், அதாவது நாலு மாடி வீடு. ஊட்டி ரயில் 12க்கு 1 சரிவுல ஏறுதேன்னு கேப்பீங்க, அது கல்லாறுலருந்து குன்னூர் வரைக்கும் தண்டவாளத்துக்கு நடுவுல பல் சட்டம் போட்டு பல்சக்கரத்துல ஏறுது, நாம கடையில வாங்கற இன்ஜின்ல அந்த சமாச்சாரம் இல்ல. நிஜ ரயில்வேகாரன் நம்ம ஊர்ல என்ன பண்ணிருக்கான்னு பாருங்க, மலை மேல ஏறவே இல்ல, பொம்மிடி, லோகூர், டேனிஷ்பேட்டைன்னு சேர்வராயன் அடிவாரத்த ஒட்டி வளைஞ்சு வந்துட்டான். அதே மாதிரி கொடைக்கானலுக்கு ரயில் போகாட்டியும் மதுரை லைன்ல கொடைக்கானல் ரோடுன்னு ஸ்டேஷன் இருக்கு, எறங்கி பஸ் புடிச்சு மலை ஏறணும். அதப் பாத்துதான் என் ரெண்டாவது லேஅவுட்டுக்கு "ஏற்காடு ரோடு"ன்னு பேர் வெச்சேன். தட்டையான பலகை, அடிவாரத்துல ஒரு சிங்கிள் லைன் ஸ்டேஷன், மலை பின்னாடி சுவத்துல பெயின்ட்டா நிக்குது. இது ஓடுது. நாலு வருஷமா ஓடுது. கீழ சொல்றது எல்லாம் இந்த ரெண்டாவதுல கத்துக்கிட்டது, மொத லேஅவுட்ல கைய சுட்டுக்கிட்டதும் நடுநடுவுல வரும்.

இடமும் ஸ்கேலும்

இன்ஜின் வாங்கறதுக்கு முன்னாடி டேப் எடுத்து ரூம அளங்க. எச்ஓ (HO) ஸ்கேல்னா நிஜத்துல 87ல ஒரு பங்கு, தண்டவாள அகலம் 16.5 மிமீ. N (எழுத்து என்) ஸ்கேல்னா 160ல ஒரு பங்கு, அகலம் 9 மிமீ. இங்கிலாந்து பொம்மை ரயில் பெரும்பாலும் ஓஓ (OO), அது 76ல ஒரு பங்கு, ஆனா ஓடறது அதே 16.5 மிமீ டிராக்லதான், அதனால ரெண்டும் கலந்து ஓட்டலாம், பக்கத்துல நிறுத்தினா சைஸ் வித்தியாசம் மட்டும் தெரியும். நம்ம ஊர் பிராட்கேஜ் 1676 மிமீ, 87ஆல வகுத்தா 19 மிமீக்கு மேல வரணும், ஆனா கடையில கிடைக்கறது 16.5தான். நம்ம ரயில் மாடல் வெச்சிருக்கறவங்க பெரும்பாலும் இதுலதான் ஓட்டறாங்க, பக்கவாட்டுல பாத்தா ஒண்ணும் தெரியாது, நேரா முன்னாடி நின்னு பாத்தாத்தான் இன்ஜின் ஒல்லிக்கால்ல நிக்கற மாதிரி இருக்கும். இதுக்காக கையால 19 மிமீ டிராக் பண்றேன்னு எறங்காதீங்க, மொத லேஅவுட்டுக்கு அது வேண்டாத வம்பு.

நீளத்தையும் பாத்துக்கங்க. பழைய மாடல் ஐசிஎஃப் பெட்டி ஒண்ணு 21.3 மீட்டர், எச்ஓல 24.5 செமீ. புது மாடல் எல்எச்பி பெட்டி 23.5 மீட்டர், அது 27 செமீ. ஜங்ஷன்ல பாக்கற 24 பெட்டி வண்டிய அப்படியே பண்ணினா 6 மீட்டர் வரும், ஹால்லருந்து சமையக்கட்டு தாண்டி நிக்கும். அதனால 3 பெட்டி, 1 இன்ஜின், சுமார் 95 செமீ, இதுதான் வீட்டு அளவு, கண்ணு பழகிடும். இடம் ரொம்ப கம்மின்னா N ஸ்கேலுக்குப் போங்க, கேட்டோ கம்பெனி மாதிரி அடியில பேஸோட வர்ற ரெடிமேட் டிராக்ல 249 மிமீ ஆரம் இருக்கு, 2 அடி அகல பலகையிலயே வண்டி முழு சுத்து சுத்தும். எச்ஓல அது நடக்காது. எச்ஓல நீளப் பெட்டி ஓட்டறவங்க 22 இஞ்ச் ஆரத்துக்குக் கீழ வளைவு போடாதீங்க, 18 இஞ்ச்லயும் ஓடும், ஆனா பெட்டி மூலை வெளிய துருத்திக்கிட்டு பாக்க சகிக்காது, நெருக்கமா ரெண்டு லைன் இருந்தா ஒண்ண ஒண்ணு இடிக்கும்.

பலகை

எல்லாரும் 8க்கு 4 ப்ளைவுட்ட அப்படியே டேபிள் மாதிரி போட்டு முட்டை வடிவத்துல டிராக் போடுவாங்க. நான் வேண்டாம்பேன். சுவத்தோட ஒட்டி போட்டா 4 அடி தள்ளி கை எட்டாது, வண்டி கரெக்டா அங்கதான் கவுறும். அதவிட கடையிலயே அந்த ஷீட்ட நீட்டுவாக்குல ரெண்டா அறுத்து வாங்குங்க, 8க்கு 2 ரெண்டு பீஸ், ரூம் மூலையில L எழுத்து மாதிரி போடுங்க. மூலையில 22 இஞ்ச் வளைவு தாராளமா உக்காரும். 12 மிமீ கனம் போதும், அடியில ரீப்பர்ல சட்டம், 16 இஞ்ச்க்கு ஒரு குறுக்கு. ஆசாரிகிட்ட குடுத்தா ஒரே நாள் வேலை, ஆனா அவர் ஆணி அடிக்க வருவாரு, எல்லாமே ஸ்க்ரூதான்னு கறாரா சொல்லிடுங்க, நாளைக்கு வீடு மாத்தினா கழட்டணும்ல. உயரம் 4 அடி வைங்க. குனிஞ்சு பாக்கறதவிட கண்ணு மட்டத்துக்குக் கிட்ட பாத்தாத்தான் ரயில் ரயிலா தெரியும், சின்னக் குழந்தைங்க கையும் எட்டாது.

கரையான் விஷயம். மாடி ரூம்தானே வராதுன்னு நெனச்சேன், சுவத்துல கோடு போட்டுக்கிட்டு வந்துச்சு. வாட்டர் ப்ரூஃப் ப்ளைவுட்டா வாங்கி, அடிப்பக்கம் ரெண்டு கோட் பிரைமர் அடிச்சுடுங்க, கால் நாலும் சுவத்துல ஒட்டாம ஒரு விரக்கடை தள்ளி நிக்கட்டும்.

டிராக் போடறது

மொதல்ல பிளான முழு சைஸ்ல பழைய காலண்டர் பின்பக்கத்துல வரைஞ்சு பலகை மேல ஒட்டி, பெட்டிய கையால தள்ளிப் பாருங்க. ரெண்டு எதிர் எதிர் வளைவு பக்கத்துல பக்கத்துல வந்தா நடுவுல ஒரு பெட்டி நீளத்துக்காவது நேர் டிராக் விடணும், இல்லன்னா பெட்டிய கோக்கற கொக்கி, அதாவது கப்ளிங், ஒண்ண ஒண்ணு பக்கவாட்டுல தள்ளி கவுத்துடும். ஏத்தம் வேணும்னு ஆசைப்பட்டா, ஒரு லைன் மேல இன்னொரு லைன் தாண்டறதுக்கு எச்ஓல 7.5 செமீ உயரம் வேணும், 40க்கு 1 சரிவுல அதுக்கு 3 மீட்டர் ஓட்டம், எறங்க இன்னொரு 3 மீட்டர். உங்க பலகையில அவ்ளோ இடம் இருக்கான்னு நீங்களே எண்ணிக்கங்க. என் மலை ஏன் கவுந்துச்சுன்னு இப்ப புரிஞ்சிருக்கும்.

டிராக்குக்கு அடியில 3 மிமீ கார்க் ஷீட் போடுங்க, சத்தம் கொறையும். ஃபெவிகால மெல்லிசா தடவி, மேல நாலு செங்கல் வெச்சு ராத்திரி விட்டுடுங்க. ஆணி வேணாம். இங்க ஒரு சேலத்து பிரச்சனை, வெயில். நான் மார்கழி காலையில இடைவெளியே இல்லாம டிராக்க முட்ட முட்ட சேத்து ஒட்டினேன், எங்க மாடி ரூம் தகர ஷீட் போட்டது, கத்திரி வெயில்ல போய் பாத்தா லைன் பாம்பு மாதிரி வளைஞ்சு கெடக்கு. நிக்கல் சில்வர் தண்டவாளம் 1 மீட்டர் நீளம் 20 டிகிரி சூடேறினா 0.3 மிமீ சொச்சம் நீளும், அத்தோட பலகையும் காத்து ஈரத்துக்கு ஏத்த மாதிரி உப்பி சுருங்கும். அதனால ஒவ்வொரு ஜாயின்ட்லயும் அரை மிமீ விடுங்க, ஒரு விசிட்டிங் கார்டு ரெண்டா மடிச்சு சொருகிட்டு ஒட்டினா சரியா வரும்.

பாயின்ட்ல, அதாவது லைன் ரெண்டா பிரியற எடத்துலதான் பாதி வண்டி தடம் புரளும். மொத லேஅவுட்டுக்கு பாயின்ட் அஞ்சுக்கு மேல போகாதீங்க. வண்டி ஒரே எடத்துல திரும்பத் திரும்ப கவுந்தா டிராக்க மட்டும் திட்டாம சக்கரத்தையும் அளந்து பாருங்க, எச்ஓ சக்கரத்துக்கு உள்பக்கம் உள்பக்கம் சுமார் 14.4 மிமீ இருக்கணும். பெட்டி எடையும் பாருங்க. அமெரிக்காவுல 1935லருந்து இருக்கற என்எம்ஆர்ஏன்னு ஒரு சங்கம், அவங்க எச்ஓக்கு சொல்ற அளவு 28 கிராம், அதுகூட நீளத்துல ஒவ்வொரு இஞ்ச்க்கும் 14 கிராம். ஐசிஎஃப் பெட்டின்னா 160 கிராம் கிட்ட வரும். எடை பத்தலன்னா ஹார்ட்வேர் கடை நட்டு ரெண்ட உள்ள ஒட்டிடுங்க.

ஒயரிங்

பாதிப் பேர் இந்த எடத்துலதான் விட்டுட்டு ஓடறாங்க, ஆனா உண்மையில வீட்டு ஒயரிங்கவிட சுலபம். முக்கியமான ஒண்ணு, பலகைக்கு அடியில 230 வோல்ட் வரவே கூடாது. அடாப்டர் சுவத்து பிளக்லயே இருக்கட்டும், டேபிளுக்கு வர்றது 12லருந்து 16 வோல்ட் மட்டும்.

கன்ட்ரோல் ரெண்டு விதம். டிசின்னா டிராக்ல வோல்டேஜ ஏத்தி எறக்கறது, டிராக்ல இருக்கற எல்லா இன்ஜினும் சேந்து ஓடும். டிசிசின்னா டிராக்ல எப்பவும் முழு பவர் இருக்கும், ஒவ்வொரு இன்ஜினுக்குள்ளயும் கட்டளைய புரிஞ்சுக்கற ஒரு சின்ன சர்க்யூட், டீகோடர், ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர், புதுசா வாங்கினா 3ன்னு இருக்கும், மாத்திக்கலாம். ஒரே இன்ஜின்தான்னா டிசி போதும், காச மிச்சம் பண்ணுங்க. ரெண்டாவது இன்ஜின் வாங்கற அன்னைக்கு டிசிசிக்கு மாறிடுங்க. எலக்ட்ரானிக்ஸ் கை வரும்னா அர்டுயினோ மெகான்னு ஒரு போர்டு, மேல ஒரு மோட்டார் ஷீல்டு, டிசிசி-ஈஎக்ஸ்னு இலவச சாஃப்ட்வேர், கூட வைஃபை போர்டும் சேத்தா செல்போனே கன்ட்ரோலர் ஆயிடும். என்னுது அப்படித்தான் ஓடுது.

எதுவா இருந்தாலும் ஒயர் போடறது ஒரே மாதிரி. பலகைக்கு அடியில நீளத்துக்கு செவப்பு ஒண்ணு கருப்பு ஒண்ணு, ஒன்றரை ஸ்கொயர் ஒயர், இது பஸ். அதுலருந்து ஒவ்வொரு மீட்டருக்கும் அரை ஸ்கொயர் மெல்லிசு ஒயர் ரெண்டு, இது ஃபீடர், மேல போயி தண்டவாளத்துல சால்டர் ஆகும். டிராக் துண்டுகள சேக்கற ஜாயின்டர் தகடே கரன்ட் கடத்துமேன்னு சோம்பேறித்தனம் பண்ணாதீங்க, கடத்தும், ஒரு ஆடி மாசத்து காத்து தூசி படிஞ்சா கடத்தாது, எந்த ஜாயின்ட்னு தேடி சாவணும். சால்டர் தண்டவாளத்தோட வெளிப்பக்கம் வைங்க, ரெண்டு பக்கமும் ஈரத்துணி வைங்க, இல்லன்னா பிளாஸ்டிக் ஸ்லீப்பர் உருகிடும். ஆசிட் ஃப்ளக்ஸ் வேண்டவே வேண்டாம், அரிச்சுடும். ஃப்ராக்ங்கறது பாயின்ட்ல ரெண்டு தண்டவாளம் குறுக்க சேர்ற முனை, அது உலோகமா இருக்கற பாயின்ட்னா ஃப்ராக்குக்கு அப்புறம் ரெண்டு தண்டவாளத்துலயும் பிளாஸ்டிக் ஜாயின்டர் போடணும், மறந்தா ஷார்ட்தான்.

டிசிசில டெஸ்ட் பண்றதுக்கு ஒரு ரூபா காசு போதும். லைன்ல ஒவ்வொரு அடிக்கும் காச குறுக்க வைங்க, ஒவ்வொரு தடவையும் கன்ட்ரோலர் ஷார்ட்னு உடனே கட் ஆகணும். எங்கயாவது கட் ஆகலன்னா அந்த எடத்துக்கு ஃபீடர் பத்தல. அத அப்படியே விட்டா நாளைக்கு வண்டி கவுந்து ஷார்ட் ஆகும்போது பவர் நிக்காம சூடாகி பெட்டி உருகும்.

ஒரு மாசம் சும்மா ஓட்டுங்க

ஜல்லி, மரம், மலைன்னு கை பரபரக்கும். அடக்குங்க. வெறும் பலகையில ஒரு மாசம் ஓட்டுங்க. எந்த எடத்துல கவுறுது, எந்த பாயின்ட்ல நின்னு நின்னு போகுது, எந்த சைடிங் (வண்டிய ஒதுக்கி நிறுத்தற லைன்) அரை அடி பத்தலன்னு அப்பதான் தெரியும், அப்ப மாத்தறது ஸ்க்ரூடிரைவர் வேலை, ஃபெவிகால்ல ஜல்லி ஒட்டினப்புறம் உளி வேலை.

மலையும் மண்ணும்

இதுல நான் பெரிய ஆள் இல்ல, அம்மாதான் ஆள். கொலுவுக்கு வருஷா வருஷம் பார்க், கொளம், மலைப்பாதைன்னு செஞ்ச கை அது. ஜல்லிக்கு எம்-சாண்ட்ட டீ வடிகட்டியில சலிச்சு எடுங்க, மேல தங்கறதுதான் வேணும், கீழ விழற மாவு மண் ரோட்டுக்கு ஆகும். ஆனா நம்ம ஊர் மண்ணுல ஒரு விஷயம், கஞ்சமலையே மேக்னடைட் இரும்புத்தாது, சுத்துவட்டார மண்ணுல கருப்புத் துகள் நெறையா இருக்கும், அது இன்ஜின் மோட்டார் காந்தத்துல போயி ஒட்டிக்கும். பழைய ஸ்பீக்கர் காந்தத்த ஒரு கவர்ல போட்டு மண்ணுக்குள்ள நாலு தடவை கிண்டுங்க, வர்ற கருப்ப பாத்தா ஆச்சரியமா இருக்கும். அப்புறம் பிரஷ்ல பரப்பி, ஒரு சொட்டு பாத்திரம் வெளக்கற லிக்விட் கலந்த தண்ணிய தெளிச்சு நனைச்சு, ஃபெவிகாலும் தண்ணியும் சரிபாதி கலந்து இங்க் ஃபில்லர்ல விடுங்க. பாயின்ட் நாக்கு அசையற எடத்துல ஒரு சொட்டு கூட விழக்கூடாது. ஒரு நாள் முழுக்க தொடாதீங்க.

மரத்துக்கு பழைய ஸ்பான்ஜ மிக்சியில போட்டு அடிச்சு பச்சை பெயின்ட்ல பெரட்டி காய வெச்சுக்கங்க, மிக்சி ஜார் தனியா வாங்கிடுங்க, வீட்டுல சண்டை வேணாம். பீர்க்கங்கா நார் பிச்சுப் போட்டா புதர். ஏற்காடு பக்கம் காப்பித் தோட்டத்து நெழலுக்கு நிக்கற சில்வர் ஓக், நேரா ஒல்லியா போயி மேல கொஞ்சம் தழை, அதுக்கு வெளக்கமாத்து குச்சி அப்படியே பொருந்தும், அடியில பச்சை நூல சுத்தி விட்டா மொளகுக் கொடி. பாறைக்கு பேப்பர உருட்டி, மேல பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் துணி. தெர்மகோல் மேல ஸ்ப்ரே பெயின்ட் அடிக்காதீங்க, கரைஞ்சு குழி விழும்.

ஸ்டேஷன் கட்டடத்த 3டி பிரின்ட்ல எடுக்கறவங்க கவனிங்க, பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி கிட்டயே எளகும். ஜன்னல் வெயில் நேரா விழற எடத்துல வெச்ச என் ஸ்டேஷன் கூரை மே மாசம் தொட்டில் மாதிரி தொங்கிடுச்சு. இப்ப இருக்கறது அட்டையில வெட்டினது.

ஓட்டறது

சுத்தி சுத்தி ஓட விட்டா பத்து நாள்ல சலிச்சுடும், அதனாலதான் நான் சுத்தே போடல. L பலகையோட ஒரு கை ஏற்காடு ரோடு ஸ்டேஷன், மெயின் லைன், ஒரு வண்டி ஒதுங்கி வழி விடற லூப் லைன், ரெண்டு சைடிங். இன்னொரு கையில பாதிக்கு ஒரு அட்டைத் தடுப்பு, அதுக்குப் பின்னாடி மறைவா மூணு லைன், அது சேலம் ஜங்ஷன்னு வெச்சுக்கங்க. ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் 4 அடி பலகை ஒண்ணு, ஓட்டும்போது மாட்டி முடிஞ்சதும் கழட்டி கதவு பின்னாடி சாத்திடுவேன், அது விருத்தாச்சலம் பக்கம்.

தனியா இருக்கும்போது ஷன்டிங், அதாவது வேகன்கள முன்ன பின்ன தள்ளி வரிசை மாத்தறது. இங்கிலாந்துல இங்கில்நூக்னு ஒரு வெளையாட்டு இருக்கு, மூணு லைன், ஒண்ணுல 5 வேகனுக்கு இடம், மத்த ரெண்டுல மூணு மூணுக்கு, இன்ஜின் லைன்ல இன்ஜினுக்கும் 3 வேகனுக்கும் மட்டும். மொத்தம் 8 வேகன். நான் ஒவ்வொரு வேகன் நம்பரையும் சீட்டுல எழுதி டப்பாவுல போட்டு குலுக்கி 5 எடுப்பேன், எடுத்த வரிசையிலயே வண்டி கோக்கணும். 6720 விதமா வரிசை வரும், அதனால தீராது. மேல மூடி இல்லாத பாக்ஸ்என் சரக்கு வேகன் எச்ஓல 12 செமீ சொச்சம்தான், மொத்த யார்டும் 6 அடிக்குள்ள முடிஞ்சுடும். இடமே இல்லாதவங்க இத மட்டும் ஒரு புக் ஷெல்ஃப் பலகையில கட்டினா கூட போதுங்க, சத்தியமா.

ரெண்டாவது ஆள் வந்தா கிராசிங். எங்க பக்கத்து வீட்டுப் பையன் காலேஜ் படிக்கறான், ஞாயித்துக்கெழமை சாயங்காலம் தட்டுவடை செட் பார்சலோட வந்துடுவான். "அண்ணா, இன்னைக்கு நான்தான் ஸ்டேஷன் மாஸ்டர்"னு வரும்போதே எடத்த புடிச்சுக்குவான். சிங்கிள் லைன்ல ஒரு நேரத்துல ஒரு வண்டிதான், நிஜத்துல பழைய முறையில நீல்ஸ் டோக்கன் மெஷின்லருந்து ஒரு உருண்டை எடுத்து டிரைவர்கிட்ட குடுப்பாங்க, அது கையில இல்லாம வண்டி நகராது. எங்களுக்கு ஒரு கோலிக்குண்டு. சுவர் கடிகாரத்துக்கு பதிலா செல்போன்ல ஆறு மடங்கு வேகமா ஓடற கடிகாரம், நம்ம பத்து நிமிஷம் அங்க ஒரு மணி நேரம். டைம்டேபிள் எழுதி ஒட்டிருக்கோம், ரெண்டு பாசஞ்சர், ஒரு கூட்ஸ், ஒரு எக்ஸ்பிரஸ். எக்ஸ்பிரஸ் லேட்டா வந்தா பாசஞ்சர லூப்ல போட்டு வெயிட் பண்ண வெக்கணும், கூட்ஸ எங்க ஒதுக்கறதுன்னு அவன் தலைய சொறியுவான். நிஜ வண்டியில "கிராசிங் போட்டுட்டான்"னு நாம பொலம்பறமே, போடறவன் பக்கம் என்ன பாடுன்னு அப்பதான் தெரியும்.

வேகத்துல ஏமாந்துடாதீங்க. நிஜத்துல 80 கிமீ வேகம்னா எச்ஓல 1 மீட்டர் போக 4 செகண்டு. ஷன்டிங் 15 கிமீன்னா அதே 1 மீட்டருக்கு 20 செகண்டு ஆகணும். ஒரு தடவை ஸ்டாப்வாட்ச்ல பாத்தா தெரியும், நாம எல்லாரும் மூணு மடங்கு வேகத்துலதான் ஓட்டிக்கிட்டு இருப்போம்.

ஓட்டி முடிஞ்சா

தண்டவாளத்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பனியன் துணியால தொடைங்க, வாரம் ஒரு தடவை. உப்புத்தாள் போட்டு தேய்க்காதீங்க, நான் தேய்ச்சேன், பளபளன்னு ஆச்சு, அந்தக் கீறல்ல அழுக்கு புடிச்சு ரெண்டே நாள்ல முன்னவிட மோசம். இன்ஜின் சக்கரத்தையும் தொடைக்கணும், அத பாதிப் பேர் மறந்துடறாங்க. எண்ணெய் வருஷத்துக்கு ஒரு தடவை ஊசி மொனையில ஒரு சொட்டு, பிளாஸ்டிக்க அரிக்காத எண்ணெயா பாத்து வாங்குங்க, தேங்கா எண்ணெய் கூடாது, பிசுபிசுத்துடும்.

கடைசியா பல்லி. எத்தன பூட்டு போட்டாலும் வரும், கரெக்டா பாயின்ட் மேலதான் எச்சம் போடும், மறுநாள் இன்ஜின் அங்க நிக்கும், நீங்க ஒயர் ஒயரா தேடுவீங்க. ஓட்டி முடிஞ்சதும் அடாப்டர புடுங்கிட்டு பழைய எட்டு முழ வேட்டி ஒண்ண மேல போத்திடுங்க, 8 அடி பலகைய தாராளமா மூடிடும்.